புகை பிடிக்கும் அறையில் ஒரு சந்தை

உரிமையின் விலை – 7

போன வாரம் ஹெர்பர்ட் ஃபைலரை வாஷிங்டனில் நிறுத்திவிட்டு வந்தோம்.

வருடம் 1934. நியூயார்க் பங்குச் சந்தை குப்புற விழுந்து ஐந்து வருடம்கூட ஆகவில்லை. அந்த வீழ்ச்சிக்கு முன்னால் நடந்த தில்லுமுல்லுகளில் பாதிக்கு ஆப்ஷன்தான் கருவி என்று ஊரே பேசியது. அதைச் சட்டம் போட்டு ஒழித்துவிடலாம் என்ற யோசனை அமெரிக்க நாடாளுமன்றத்தில் கிட்டத்தட்ட முடிவாகியிருந்தது.

ஆப்ஷன் தரகர்களின் சார்பில் பேசப் போனவர் ஃபைலர். நீங்கள் விற்கும் ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை யாருக்கும் பயன்படாமல் காலாவதியாகின்றனவே, வாங்கியவர்கள் போட்ட பணம் பாழ்தானே என்று அவரை மடக்கினார்கள். வீட்டுக்குத் தீ விபத்துக் காப்பீடு எடுத்தீர்கள், வீடு எரியவில்லை, அதனால் கட்டிய பணம் பாழ் என்பீர்களா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

ஆப்ஷன் தலை தப்பியது. ஆனால் போலீஸ் ஸ்டேஷனில் வாரம் ஒருமுறை கையெழுத்துப் போட வேண்டிய ஆளைப் போலத்தான் அடுத்த கிட்டத்தட்ட நாற்பது வருடம் வாழ்ந்தது.

இந்த வாரம் அதற்கு விடுதலை கிடைத்த கதை.

*

அச்சாரம்

இப்போதுதான் தொடரில் சேருகிறீர்களா? ஒரு நிமிடம்.

ஆலிவ் விளைச்சல் அமோகமாக இருக்கும் என்று கணித்து, ஊரிலுள்ள செக்குகளையெல்லாம் குளிர்காலத்திலேயே அச்சாரம் கொடுத்துப் பிடித்துவைத்த கிரேக்கத் தத்துவஞானி தேலீஸைப் பார்த்தோம். அவர் கதையைச் சொன்னவர் அரிஸ்டாட்டில். ஆம்ஸ்டர்டாம் சந்தையின் கூத்துகளை 1688இல் புத்தகமாக எழுதிய ஜோசஃப் டி லா வேகாவைப் பார்த்தோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு நியூயார்க்கில் ஆப்ஷன் விற்றே பணக்காரரான ரஸ்ஸல் சேஜையும் பார்த்தாயிற்று.

இவர்கள் எல்லோரும் கையாண்ட சரக்கு ஒன்றுதான். அது என்ன என்பதை நம் ஊர் மனை ஒன்றை வைத்துச் சொல்கிறேன்.

ஒரு மனை 30 லட்சம் ரூபாய். வாங்கலாமா வேண்டாமா என்று உங்களுக்கு யோசனை. பக்கத்தில் பைபாஸ் வரும் என்கிறார்கள், வராது என்றும் சொல்கிறார்கள். உரிமையாளரிடம் போய், "இந்தாங்க அம்பதாயிரம். ஆறு மாசத்துக்குள்ள நான் எப்ப வந்து கேட்டாலும் முப்பது லட்சத்துக்கே தரணும். நான் வரலைன்னா அம்பதாயிரம் உங்களுக்கு" என்கிறீர்கள். அவரும் சம்மதிக்கிறார்.

பைபாஸ் அறிவிப்பு வந்து மனை 40 லட்சம் ஆனாலும் உங்களுக்கு அது 30 லட்சம்தான். அறிவிப்பு வரவில்லையா? ஐம்பதாயிரத்தோடு போயிற்று.

இதுதான் கால் ஆப்ஷன். ஐம்பதாயிரம் பிரீமியம். முப்பது லட்சம் ஸ்ட்ரைக் விலை. ஆறு மாதக் கெடு எக்ஸ்பைரி. மனைக்குப் பதில் ஒரு கம்பெனியின் பங்கை வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தது. இதையே திருப்பிப் போட்டு, "இந்த விலைக்கு நான் விற்க வந்தால் நீ வாங்கியே ஆக வேண்டும்" என்ற உரிமையை வாங்கினால் அது புட் ஆப்ஷன்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நம் ஊர் கிரய அக்ரிமென்ட்டில் இரண்டு தரப்பும் கட்டுப்பட்டவர்கள். ஆப்ஷனில் வாங்கியவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. கட்டாயம் முழுக்க விற்றவர் தலையில். அந்தத் தலைவலிக்கான கூலிதான் பிரீமியம்.

இனி சிகாகோ.

*

தூங்கி வழிந்த மண்டி

சிகாகோவின் தானியச் சந்தை 1848இல் தொடங்கியது. போர்டு ஆஃப் டிரேட் என்று பெயர். கோதுமை, சோளம், சோயா என்று அமெரிக்காவின் நடுப்பகுதி விளைவித்த அத்தனைக்கும் விலை அங்கேதான் முடிவாகும். 1930இல் கட்டிய அதன் கோபுரத்தின் உச்சியில் தானியங்களின் ரோமானியத் தெய்வமான செரீஸின் அலுமினியச் சிலை நிற்கிறது. அந்தத் தெய்வத்துக்கு முகம் கிடையாது. அவ்வளவு உயரத்துக்கு ஏறி முகத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று சிற்பி ஜான் ஸ்டோர்ஸ் செதுக்காமலே விட்டுவிட்டார்.

அந்தத் தெய்வம் 1960களின் பிற்பகுதியில் கண்ணை மூடிக்கொண்டது என்றுதான் தரகர்கள் நினைத்திருப்பார்கள். அரசுக் கிடங்குகளில் உபரித் தானியம் மலையாகக் குவிந்து கிடந்தது. விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. விலை அசையாத இடத்தில் தரகருக்கு என்ன வேலை? தொண்டை கிழியக் கத்த வேண்டிய களத்தில் கொட்டாவிச் சத்தம்தான்.

புதிதாக எதையாவது விற்றாக வேண்டும் என்று தேடியவர்களில் முக்கியமானவர் எட்மண்ட் ஓ'கானர். சோயாவுக்கு முன்பேர வணிகம் நடத்துகிறோமே, பங்குகளுக்கும் நடத்தினால் என்ன என்பதுதான் முதல் யோசனை. வக்கீல்கள் கையை விரித்தார்கள். பங்குச் சந்தைச் சட்டங்களின் முள்வேலிக்குள் அது நுழையவே நுழையாது என்றார்கள்.

அப்படியானால் ஆப்ஷன்?

இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு அலையும் வேலை ஜோசஃப் சல்லிவன் என்ற இளைஞருக்கு வந்தது. அவர் தரகர் அல்ல, வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழில் நிருபராக இருந்தவர். சந்தைக்குள் பிறந்து வளர்ந்தவர்கள் கேட்க வெட்கப்படும் கேள்விகளை நிருபர்கள் கூசாமல் கேட்பார்கள். இந்தக் கதையில் அந்தக் குணம் பெரிய அளவில் உதவியது என்பது என் எண்ணம்.

*

கஞ்சாவும் தாலிடோமைடும்

சல்லிவன் கேட்ட முதல் கேள்வி: ஆப்ஷன் இவ்வளவு பழைய சரக்காயிற்றே, ஏன் இவ்வளவு சின்னதாகவே இருக்கிறது?

பதில் தேடுவதற்கு முன்னால் அனுமதி தேட வேண்டியிருந்தது. அமெரிக்கப் பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் எஸ்இசி அமைப்பின் கதவைத் தட்டினார்கள். அப்போது அதன் தலைவர் மேனுவல் கோஹன். நடக்கவே நடக்காது என்கிற ரீதியில்தான் பேச்சு போனது. அங்கிருந்த அதிகாரி ஒருவர் ஆப்ஷனைக் கஞ்சாவோடும் தாலிடோமைடோடும் ஒப்பிட்டதாகச் சொல்வார்கள். கர்ப்பிணிகள் சாப்பிட்டு, கை கால் வளராத குழந்தைகள் பிறக்கக் காரணமான மாத்திரை தாலிடோமைடு. அந்த நினைவு அப்போது பச்சை ரணமாக இருந்த காலம்.

இந்தப் பார்வை அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமல்ல. பம்பாய்ச் சந்தையில் 'தேஜி', 'மந்தி' என்ற பெயர்களில் கால், புட் வியாபாரம் பல காலம் நடந்தது. ஏறினால் தேஜி, இறங்கினால் மந்தி. இந்தியாவின் 1956ஆம் வருடத்துப் பங்கு ஒப்பந்த ஒழுங்குமுறைச் சட்டம் தன் 20ஆம் பிரிவில் அதைத் தடை செய்தது. அந்தப் பிரிவு நீங்க 1995 ஆயிற்று. பங்குகள் மீதான ஆப்ஷன் நம் என்எஸ்இயில் வந்தது 2001 ஜூலையில். அந்தக் கதைக்கு இன்னும் பல வாரம் இருக்கிறது.

சிகாகோக்காரர்கள் சளைக்கவில்லை. பொருளாதாரப் பேராசிரியர்களைப் பிடித்தார்கள். பிரின்ஸ்டனின் மால்கீல், பாமல், குவாண்ட் ஆகிய மூவர் பங்கேற்ற ஆய்வறிக்கை 1969இல் கைக்கு வந்தது. முதலீட்டாளருக்குத் தேர்வுகள் கூடுவது அவருக்கு நல்லது, அதனால் பொதுநலனுக்கும் கேடில்லை என்று அது வாதாடியது. தரகன் சொன்னால் சுயநலம், பேராசிரியர் சொன்னால் ஆராய்ச்சி. வாஷிங்டன் முதல் முறையாகக் காது கொடுத்தது.

1971இல் எஸ்இசியின் தலைவராக வில்லியம் கேசி வந்தார். பின்னாளில் சிஐஏ உளவு நிறுவனத்தின் தலைவராகப் போனவர் இவர்தான். சூதாட்டம் என்று கேட்டுப் பயப்படும் ஆசாமி அல்ல. சிகாகோவுக்குப் பச்சைக்கொடி கிடைத்தது.

*

அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட்

இந்த இடத்தில் வண்டியைக் கொஞ்சம் நிறுத்துகிறேன். இந்தத் தொடரிலேயே முக்கியமான திருப்பம் இதுதான். ஆனால் பார்ப்பதற்கு இதைப்போல் சப்பையான விஷயமும் கிடையாது.

சிகாகோவுக்கு முன்னால் அமெரிக்காவில் ஒருவர் எப்படி ஆப்ஷன் வாங்கினார் என்று பாருங்கள்.

ஈஸ்ட்மன் கோடாக் பங்கு ஏறும் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. நியூயார்க்கில் இருபதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட எண்ணிக்கையில் ஆப்ஷன் தரகர்கள் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் ஒருவருக்கு போன் போடுகிறீர்கள். அவர் கோடாக் பங்கைக் கையில் வைத்திருக்கும் பணக்காரர்களாகப் பார்த்து வரிசையாக போன் போடுவார். யாராவது ஒருவர் விற்கச் சம்மதித்தால், அன்றைய சந்தை விலையே ஸ்ட்ரைக் விலை. அது அறுபத்தொன்றேகால் டாலர் என்று எந்தச் சில்லறை விலையாகவும் இருக்கலாம். கெடு 95 நாள், ஆறு மாதம் பத்து நாள் என்று பேசி முடிப்பார்கள். பிரீமியத்தில் தரகர் தன் பங்கை எடுத்துக்கொள்வார்.

இருபது நாள் கழித்துப் பங்கு விலை ஏறிவிட்டது. உங்கள் உரிமையை லாபத்துக்கு விற்றுவிட்டு வெளியேற ஆசை. யாரிடம் விற்பீர்கள்?

உங்களுடைய அந்த விலை, அந்தக் கெடு, அந்தத் தேதியோடு உலகத்தில் ஒரே ஒரு ஆப்ஷன்தான் இருக்கிறது. அது உங்கள் கையில் இருக்கிறது. அதே மாதிரி இன்னொன்றைத் தேடுபவர் யாருமில்லை. மறுபடி தரகரிடம் போனால் அவர் அடிமாட்டு விலை கேட்பார். பத்திரிகையில் விளம்பரம் போட்டு விற்றுப் பார்ப்பார். இல்லாவிட்டால் முழுப் பணத்தையும் புரட்டி, உரிமையைப் பயன்படுத்திப் பங்கை வாங்கி, அந்தப் பங்கைச் சந்தையில் விற்க வேண்டும்.

டெய்லரிடம் அளவு கொடுத்துத் தைத்த ஜாக்கெட் அது. போட்டுக்கொண்டால் அழகு. ஆனால் அதை இன்னொரு பெண்ணுக்கு விற்க முடியுமா?

சல்லிவனின் கேள்விக்கு இதுதான் பதில். ஆப்ஷன் சின்னதாகவே இருந்ததற்குக் காரணம் ஆபத்து அல்ல. வாங்கினால் அதிலிருந்து வெளியே வர வழியில்லை.

சிகாகோக்காரர்களுக்கு மருந்து பழக்கத்திலேயே இருந்தது. தானியச் சந்தையில் யாரும் "என் வயலில் விளைந்த கோதுமை" என்று விற்பதில்லை. தரம் இது, அளவு 5,000 புஷல், மாதம் இது என்று எல்லாம் முன்பே அச்சாகியிருக்கும். பேரம் பேச மீதியிருப்பது விலை ஒன்றுதான். அதே அச்சில் ஆப்ஷனை வார்த்தார்கள்.

ஒரு ஒப்பந்தம் என்றால் 100 பங்கு. ஸ்ட்ரைக் விலை முழு எண்களில், சம இடைவெளியில். கெடு முடியும் மாதங்கள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர். இடையில் எதுவும் கிடையாது. 'ஜூலை 50 கால்' என்றால் அது எல்லோர் கையிலும் ஒரே சரக்கு. ரெடிமேட் சட்டை, சைஸ் நாற்பது.

*

நடுவில் நிற்பவர்

ரெடிமேட் ஆக்கினால் மட்டும் போதுமா? இன்னொரு பயம் பாக்கி.

முன்பின் தெரியாத ஒருவர் எனக்கு விற்ற உரிமை இது. விலை ஏறிய பிறகு நான் போய் நிற்கும்போது, "என்னிடம் பணமில்லை" என்று அவர் கையை விரித்தால்?

அதற்குத்தான் கிளியரிங் கார்ப்பரேஷன். நல்ல சீட்டு நடத்துபவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு உறுப்பினர் தவணை கட்டவில்லை என்றாலும் சீட்டு எடுத்தவருக்குப் பணம் தந்தாக வேண்டியது அவர் பொறுப்பு. அதைப்போல, வாங்குபவரும் விற்பவரும் களத்தில் விலை பேசி முடித்த நொடியே அவர்களுக்கு இடையிலான உறவு அறுந்துவிடும். வாங்கியவருக்கு விற்றவர் கிளியரிங் அமைப்பு. விற்றவரிடம் வாங்கியவரும் அதே அமைப்பு. விற்றவர் ஓடிவிடாமலிருக்க அவரிடம் மார்ஜின் பணம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

மே மாதம். பங்கு விலை 50 டாலர். நீங்கள் ஒரு ஜூலை 50 காலை 4 டாலருக்கு வாங்குகிறீர்கள். நூறு பங்கு என்பதால் கையிலிருந்து போவது 400 டாலர். ஜூன் தொடக்கத்தில் பங்கு 56 ஆகிறது. 50க்கு வாங்கும் உரிமைக்கு அப்போதே 6 டாலர் மதிப்பு இருக்கிறது. கெடு முடிய இன்னும் நாளிருப்பதால், மேலும் ஏறக்கூடும் என்ற ஆசைக்கு ஒரு 2 டாலர். ஆக பிரீமியம் 8. சந்தையில் விற்றுவிட்டு 800 டாலரோடு கிளம்பலாம். உங்களுக்கு விற்றவர் யார், உங்களிடமிருந்து வாங்கியவர் யார் என்பது கடைசிவரை தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. 5,000 டாலர் போட்டுப் பங்கை வாங்கவும் இல்லை.

மாறாகப் பங்கு 50லேயே உட்கார்ந்திருந்தால்? அந்த 4 டாலரும் வெயிலில் வைத்த ஐஸ் கட்டியாகக் கரையும். ஜூன் நடுவில் இரண்டரை, ஜூலையில் ஒன்று, கெடு நாளில் பூஜ்யம். பங்கு ஒரு காசு இறங்கவில்லை, ஆனால் போட்ட முதல் முழுதும் காலி. புதிதாக ஆப்ஷன் வாங்குபவர்கள் திகைத்துப் போகும் இடம் எப்போதும் இதுதான். பங்கு எந்தப் பக்கம் போகும் என்று சரியாகச் சொன்னால் மட்டும் போதாது, எப்போது போகும் என்றும் சொல்ல வேண்டும்.

விற்றவர் பக்கம் வாருங்கள். அவருக்குக் கிடைத்தது 400. பங்கு 70 ஆகிவிட்டால் அவர் 2,000 டாலர் மதிப்பைத் தந்தாக வேண்டும். கையில் ஏற்கெனவே நூறு பங்கு வைத்துக்கொண்டு விற்றிருந்தால் அவற்றை 50க்குக் கொடுத்துவிட்டுப் பெருமூச்சு விடலாம். வெறுங்கையோடு விற்றிருந்தால் நஷ்டம் 1,600. பங்கு 90 போனால் 3,600. அதற்கு மேல் எல்லை கிடையாது. நானூறுக்கு ஆசைப்பட்டு வீட்டை அடமானம் வைத்தவர்களின் கதை இந்தத் தொடரில் பின்னால் வரும்.

*

இன்னொரு ஊரில், இன்னொரு மூவர்

அச்சு தயார், ஜாமீன் தயார். ஆனால் ஆயிரக்கணக்கான வருடமாகப் பதில் கிடைக்காத கேள்வி ஒன்று அப்படியே நின்றது. அந்த 4 டாலர் சரியான விலையா? மூன்றா? ஆறா?

தேலீஸுக்குத் தெரியாது. டி லா வேகாவுக்குத் தெரியாது. ரஸ்ஸல் சேஜ் அனுபவத்தை வைத்து அடித்துவிட்டார்.

சிகாகோவிலிருந்து ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் தள்ளி, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் மூன்று இளைஞர்கள் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஃபிஷர் பிளாக் பயன்பாட்டுக் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், ஆர்தர் டி. லிட்டில் ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்த்தவர். மைரன் ஷோல்ஸ் கனடாவில் பிறந்து எம்ஐடிக்குப் பாடம் நடத்த வந்தவர். ராபர்ட் மெர்ட்டனும் எம்ஐடி.

அவர்கள் பிடித்த நூல் முனை இது. ஒரு ஆப்ஷனை விற்றுவிட்டு, அதற்கு எதிராகச் சரியான எண்ணிக்கையில் பங்கை வாங்கி வைத்துக்கொண்டால், பங்கு ஏறினாலும் இறங்கினாலும் ஒன்றின் நஷ்டத்தை மற்றொன்றின் லாபம் சரிக்கட்டிவிடும். விலை நகர நகர அந்த எண்ணிக்கையைத் திருத்திக்கொண்டே வர வேண்டும். இப்படி ஆபத்தே இல்லாமல் ஆக்கப்பட்ட ஒரு மூட்டைக்கு வங்கி வட்டியைவிட ஒரு காசு கூடுதலாகக் கிடைக்க நியாயமில்லை. அதிலிருந்து ஆப்ஷனின் விலை தானாக வந்து விழும்.

கணக்கில் போட வேண்டியவை ஐந்தே ஐந்து: பங்கின் இன்றைய விலை, ஸ்ட்ரைக் விலை, மீதமுள்ள நாட்கள், வட்டி விகிதம், பங்கு எவ்வளவு ஆட்டம் ஆடும் என்ற அளவு. பங்கு ஏறுமா இறங்குமா என்ற அபிப்பிராயத்துக்கு அதில் இடமே இல்லை. ஊரே எதைப் பற்றிப் பேசுகிறதோ அது சூத்திரத்துக்குத் தேவைப்படவில்லை.

தன் முன்னால் வந்து நின்றது இயற்பியலில் வெப்பம் பரவுவதைச் சொல்லும் சமன்பாடுதான் என்பதைத் தான் அப்போது கண்டுகொள்ளவில்லை என்று பிளாக் பின்னாளில் ஒளிக்காமல் எழுதினார். கட்டுரையை ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. சிகாகோ பல்கலைக்கழகத்தின் மெர்ட்டன் மில்லரும் யூஜின் ஃபாமாவும் தலையிட்ட பிறகே ஓர் இதழ் மறுபரிசீலனை செய்தது.

இதற்கிடையில் மூவரும் சூத்திரத்தைச் சோதிக்கச் சொந்தக் காசையே போட்டார்கள். நேஷனல் ஜெனரல் என்ற கம்பெனியின் வாரன்ட் சந்தையில் மலிவாகக் கிடைப்பதாகச் சூத்திரம் சொன்னது. வாரன்ட் என்பது கம்பெனியே வெளியிடும் நீண்ட கால கால் ஆப்ஷன் மாதிரி. வாங்கினார்கள். கொஞ்ச நாள் நன்றாகவே போயிற்று. பிறகு இன்னொரு கம்பெனி நேஷனல் ஜெனரலைக் கையகப்படுத்த முன்வந்தது, அதன் விதிமுறைகளால் வாரன்ட் விலை சரிந்தது. அப்படி ஒன்று வரப்போகும் வாசனை பிடித்தவர்கள் முன்பே விற்றுக்கொண்டிருந்தார்கள், அதனால்தான் மலிவு. சூத்திரத்துக்கு மூக்கு கிடையாது.

*

911

1973 ஏப்ரல் 26. வியாழக்கிழமை.

தானியச் சந்தைக் கட்டடத்தில் உறுப்பினர்கள் புகை பிடிக்க ஒதுங்கும் ஓய்வறை ஒன்று இருந்தது. அதைத்தான் ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். உலகத்தின் முதல் முறைப்படியான ஆப்ஷன் சந்தை, சிகாகோ போர்டு ஆப்ஷன்ஸ் எக்ஸ்சேஞ்ச், அங்கே திறந்தது. அதன் முதல் தலைவர் அதே ஜோசஃப் சல்லிவன். ஆரம்ப உறுப்பினர் கட்டணம் 10,000 டாலர்.

நேரம் இதைவிட மோசமாக அமைந்திருக்க முடியாது. அமெரிக்கப் பங்குகள் ஜனவரியில் உச்சம் தொட்டுவிட்டு இறங்க ஆரம்பித்திருந்தன. இறங்கும் சந்தையில், ஏறினால் மட்டுமே லாபம் தரும் சீட்டுகளை விற்கக் கடை திறக்கிறார்கள். ஆமாம், அன்று விற்பனைக்கு இருந்தவை கால் ஆப்ஷன்கள் மட்டுமே. புட் கிடையாது.

பட்டியலில் 16 கம்பெனிகள். கோடாக், ஃபோர்டு, ஜெராக்ஸ், போலராய்டு, மெக்டொனால்ட்ஸ், ஏடி அண்ட் டி என்று எல்லாம் ஊரறிந்த பெயர்கள். களத்தில் நியூயார்க் வழக்கம்போல் ஒரு பங்குக்கு ஒரே ஒரு அதிகாரம் பெற்ற வியாபாரி இல்லை. சோயா விற்ற பழக்கத்தில், பலரும் கூடி நின்று, கையைத் தூக்கிக் கத்தி, ஒருவரோடொருவர் போட்டியிட்டு விலை சொன்னார்கள்.

மணியடித்துக் கடை மூடியபோது கைமாறியிருந்தவை 911 ஒப்பந்தங்கள்.

நியூயார்க் சிரித்திருந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் அடுத்த வருடம், 1974இல், அந்த ஒரு சந்தையில் கைமாறியவை ஐம்பது லட்சம் ஒப்பந்தங்களைத் தாண்டின. இடம் போதாமல் அந்த வருடமே பெரிய களத்துக்குக் குடிபோனார்கள். 1975இல் நியூயார்க்கின் அமெரிக்கன் எக்ஸ்சேஞ்சும் ஃபிலடெல்ஃபியாவும் அதே கடையைத் திறந்தன.

*

சுருட்டிய காகிதம்

பிளாக், ஷோல்ஸ் கட்டுரை கடைசியில் அச்சேறியது 1973 மே–ஜூன் இதழில். சந்தை திறந்ததும் சூத்திரம் வெளியானதும் கிட்டத்தட்ட ஒரே சமயம். யாரும் திட்டமிட்டது இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு நம்ப முடியவில்லை.

அந்தச் சூத்திரத்தைக் களத்தில் நின்றுகொண்டு யார் போட முடியும்? பிளாக்கே ஒவ்வொரு பங்குக்கும் கணினியில் விலை கணக்கிட்டு, அச்சடித்த தாள்களைச் சந்தாவுக்கு விற்றார். தரகர்கள் அதை இறுக்கச் சுருட்டி, தேவையான வரிசை மட்டும் தெரியும்படி வைத்துக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவில் ஒரு கண்ணால் எட்டிப் பார்த்து விலை சொன்னார்கள்.

பிறகு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கையடக்கக் கால்குலேட்டரிலேயே சூத்திரத்தைப் புகுத்தி, பத்திரிகையில் விளம்பரமும் செய்தது. எங்களுக்கு ராயல்டி உண்டா என்று ஷோல்ஸ் கேட்டாராம். உங்கள் கட்டுரை பொதுச்சொத்து, யாரும் பயன்படுத்தலாம் என்று பதில் வந்தது. சரி, ஒரு கால்குலேட்டராவது தரக் கூடாதா என்றால், கடையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். தான் கடைசிவரை வாங்கவில்லை என்று ஷோல்ஸ் எழுதியிருக்கிறார்.

1997இல் ஷோல்ஸும் மெர்ட்டனும் நோபல் பரிசு பெற்றார்கள். பிளாக் அதற்கு இரண்டு வருடம் முன்பே புற்றுநோயில் போய்விட்டார்.

*

வலது பாதி

அடுத்த வாரத்துக்கு முன்னால் உங்களுக்கு ஒரு வேலை. என்எஸ்இ இணையதளத்தில் ஏதாவது ஒரு பங்கின் ஆப்ஷன் அட்டவணையைத் திறந்து பாருங்கள். காசு போட வேண்டாம், பார்த்தால் போதும். நம் சந்தைகளைக் கண்காணிக்கும் செபியே 2024இல் வெளியிட்ட ஆய்வில், முந்தைய மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர, ஆப்ஷன் வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகச் சொல்லியிருக்கிறது.

அட்டவணையின் நடுவில் சம இடைவெளியில் அடுக்கிய ஸ்ட்ரைக் விலைகள். அது சிகாகோவின் அச்சு. மேலே முன்பே நிர்ணயித்த கெடு தேதி. அதுவும் சிகாகோ. இடது பக்கம் கால்களின் பிரீமியம். 1973 ஏப்ரல் 26 அன்று புகை அறையில் கத்தியவர்களைக் கூட்டிவந்து காட்டினால் இதுவரை அவர்களுக்கு எல்லாம் புரியும்.

வலது பக்கத்தைப் பார்த்துத்தான் விழிப்பார்கள். அங்கே இருப்பவை புட் ஆப்ஷன்கள். அந்தப் பாதி அவர்களுடைய சந்தையில் நான்கு வருடத்துக்கும் மேல் காலியாகவே கிடந்தது. 1977 ஜூன் மாதம்தான் அதைத் திறந்துவிட்டார்கள், அதுவும் விரல்விட்டு எண்ணக்கூடிய பங்குகளுக்கு மட்டும். அடுத்த மாதமே எஸ்இசி குறுக்கே வந்து, ஆப்ஷன் சந்தை இனி ஓர் அடிகூட விரியக் கூடாது என்று நிறுத்தி வைத்தது.

தீ விபத்துக் காப்பீட்டோடு ஒப்பிட்டு ஃபைலர் ஆப்ஷனைக் காப்பாற்றினார் அல்லவா? பங்கு வைத்திருப்பவருக்கு உண்மையிலேயே காப்பீடாக உதவுவது புட் ஆப்ஷன்தான். அதையே ஏன் அத்தனை காலம் பூட்டி வைத்தார்கள்?

(அடுத்த வாரம்)